முன்சில்லுக்குள் விழுந்த எல் பலகை

மோட்டார் சைக்கிள் பழகும் வாசகர்கள் என்னைப் போல் விழக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பழகுபவன் என்று காட்டும் ‘எல்’ எழுத்துப் பலகையை முன்விளக்கின் கீழ் வாழைநாரால் கட்டியிருந்தேன். இணுவிலில் புறப்பட்டபோது நார் ஈரமாய், இறுக்கமாய்த்தான் இருந்தது. பண்டத்தரிப்பை நெருங்கும்போது வெயிலில் காய்ந்து அறுந்துவிட்டது. பலகை முன்சில்லின் கம்பிகளுக்குள் நுழைந்தது. சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. தெருவோரத் தோட்டத்தில், அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய வெங்காயப் பாத்திக்குள் போய் விழுந்தேன்.

தோட்டக்காரப் பெண்மணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“தம்பி, எங்கையேன் நொந்ததோ?”

கைகால்களை அசைத்துப் பார்த்தேன். “இல்லை அக்கா, சேறு தாங்கிப்போட்டுது. உங்கடை பயிர்தான் பாவம்.”

“பயிர் நிமிரும். முதலிலை எழும்பும் தம்பி.”

எழுந்து நின்ற என் கோலத்தைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உயிர் தப்பிய மகிழ்ச்சியில் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றே பலகையை இரும்புப் பட்டி வைத்து, திருகாணி போட்டு முடுக்கினேன். கையால் இழுத்துப் பார்க்காமல் புறப்படுவதே இல்லை. சென்ற வாரம் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. பலகைதான் கழன்று வருகிறதாயில்லை, இன்னமும் பழகுபவனாகவே ஓடித் திரிகிறேன்.