ஜெயந்தி அக்காவின் கைகள்

சுற்றுச்சூழல் நம் மரபணுக்களில் விட்டுச்செல்லும் தடங்களுக்குச் சமூகம் யாரைக் குற்றம் சொல்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ‘தாயைப் பழிக்காதீர்கள்’ என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அதற்காகக் காஞ்சிபுரத்தில் பட்டுநூலுக்கு ரசாயனச் சாயம் போடும் ஜெயந்தி அக்காவின் பட்டறைக்கு அடிக்கடி போவேன், கர்ப்பமாக இருந்தபோதும்.

ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பார்க்க வந்த அக்கா வாசலிலேயே நின்றார்.

“கைய சோப்பு போட்டு கழுவிக்கினுதான் வந்தேம்மா. எங்க பட்டறைக்கு வந்துதான் இப்படி ஆயிடுச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பார்வை அவருடைய சிவந்த நகங்களுக்குப் போய்விட்டது. அதை அவர் கவனித்துவிட்டார். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

“இல்லக்கா” என்றேன், தாமதமாக. கிளம்பும்வரை அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.

இப்போது யாராவது என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால், அந்த முந்தானைதான் கண்ணில் நிற்கிறது.