இடப்பக்க இருக்கையில் ஒரு வெள்ளைத் துண்டு

பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்தில், மோதி வந்த வண்டிகளின் வரிசையில், மாமாவின் வண்டி நின்றிருந்தது. வலது முன்மூலை நசுங்கி, பானெட் கூரைபோல மடிந்திருந்தது. உள்ளே ஏர்பேக்குகள் காற்றிறங்கித் தலையணை உறைகளைப் போலத் தொங்கின. ஒரு நாளிதழில் வாகனப் பக்கத்தை நெடுங்காலம் கவனித்தவன் நான். இவையெல்லாம் எனக்குப் பழகிய காட்சிகள்தான். பழகாதது ஒரு துண்டு. ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருந்த இருக்கையில், தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்டில் மட்டும் ஒரு வெள்ளைப் பூத்துண்டு சுற்றியிருந்தது. பின்பக்கம் வரிசையாக ஊக்குகள் குத்தியிருந்தன. மற்ற எந்த இருக்கையிலும் துண்டு இல்லை.

அது என் அக்காவின் இருக்கை. மாமா அவளுடைய கணவர். மோதியதில் அவருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்ததால், சேதத்தைக் கணக்கெடுக்க வரும் ஆளைச் சந்திக்க என்னை அனுப்பியிருந்தார். அந்த ஆள் வரத் தாமதமானது. நான் ஊக்குகளைக் கழற்றினேன்.

ஹெட்ரெஸ்டின் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை. தோல் உறை கிழிந்து, பஞ்சு பிதுங்கியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். அடிவரை போய், உள்ளே இருந்த இரும்புக் கம்பியில் இடித்தது. கம்பியே லேசாக வளைந்திருந்தது. இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருடைய முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, ஓட்டை அந்த உயரத்தில் இருந்தது.

ஓட்டையிலிருந்து நேர்கோடாக முன்னே பார்த்தேன். அங்கே டேஷ்போர்டில், ஏர்பேக் பிளந்துகொண்டு வெளிவந்த மூடியின் மேல், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பின் துண்டு ஒன்று வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா வைத்திருந்த மாதா சிலை, அவர்கள் சொல்வதுபோல் சுரூபம், நின்ற இடம் அது.

மாமா இந்த வண்டியின் மூன்று தலைமுறைகளையும் வாங்கியவர். நடுத்தர அளவு எஸ்யூவி, குடும்ப வண்டி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன பிரஸ் ஷாப் இருக்கிறது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து ஓட்டை போடுவதும் வளைப்பதும் அங்கே வேலை. முதல் வண்டியை எடுத்த வருஷம்தான் அவர் குடியை விட்டார். வேளாங்கண்ணிக்குப் போய் நேர்ந்துகொண்டு, அங்கேயே ஒரு பித்தளைச் சுரூபம் வாங்கி வந்தார். கைக்கு அடக்கமானது, தலையில் கூர்முனைகள் வைத்த கிரீடம். அடியில் கனம் போதாது, ஆடும் என்று, தன் ஷாப்பிலேயே இரும்பில் ஒரு பீடம் கடைந்து அதில் பொருத்தினார். அதன்பின் எந்த மேடுபள்ளத்திலும் அது அசைந்ததில்லை.

ஒவ்வொரு தலைமுறை வெளிவந்தபோதும் நான் அதை ஓட்டிப் பார்த்து எழுதினேன். மாமா என் கட்டுரையைப் படித்துவிட்டு, தானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பதிவு செய்வார். முதல் தலைமுறை பெட்டி மாதிரி இருந்தது. ஏறுவதற்கு அக்கா கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவேண்டும். ஸ்டியரிங் கல்லாக இருக்கும். ஆனால் ஆவடிப் பக்கத்துக் குண்டும் குழியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் எடுத்த வகையில் ஓட்டுநர் பக்கம் மட்டும் ஏர்பேக். இடப்பக்கம் டேஷ்போர்டு அலமாரி மாதிரி தட்டையாக இருந்தது. மாதா அங்கே நின்றாள்.

இரண்டாம் தலைமுறையில் ஏறுவது சுலபமானது. சத்தம் குறைந்தது, பின்வரிசைக்கும் ஏசி வந்தது. டேஷ்போர்டு சரிவாகிவிட்டதால், சுரூபத்தை நடுவில் ஏசி துவாரத்துக்கு மேலே வைக்கவேண்டியிருந்தது. அந்த வண்டியைப் பற்றி மாமாவுக்கு இருந்த ஒரே குறை அதுதான். “மாதாவுக்கு ஜலதோஷம் புடிக்கும் மச்சான்” என்பார்.

மூன்றாவது, பாதுகாப்பில் முந்தைய இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. சுற்றிலும் ஏர்பேக், பின்னால் பெல்ட் போடாவிட்டாலும் அலாரம். நடுவில் பெரிய திரை வந்து உட்கார்ந்துகொண்டது. இடப்பக்கம் மறுபடி தட்டையானது. அந்தத் தட்டையான பகுதியில் ‘ஏர்பேக்’ என்ற ஆங்கிலச் சொல் சின்ன எழுத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தது. மாமாவின் பீடம் அந்தச் சொல்லைச் சரியாக மறைத்தது. வண்டி எடுத்த அன்று பங்குச்சாமியார் அதன்மீதுதான் தீர்த்தம் தெளித்தார். அன்று நான் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

விபத்து ஞாயிறு காலையில் நடந்தது. நூம்பலில் அக்காவின் மகள் வீட்டில் பேத்திக்குப் புதுநன்மை, முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். அம்பத்தூரில் கேக் வாங்கிக்கொண்டு இருவரும் புறப்பட்டிருக்கிறார்கள். கேக் மூன்று அடுக்கு. சரிந்துவிடக் கூடாதென்று அக்கா முன்னிருக்கையை விட்டுப் பின்னால் போய், பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பெட்டியின் கனத்தை ஆள் என்று நினைத்து வண்டி பெல்ட் கேட்டுக் கத்தியதால், கேக்குக்கும் போட்டு, தொல்லை வேண்டாமென்று தானும் போட்டுக்கொண்டாள். திருவேற்காட்டைத் தாண்டியதும் முன்னால் போன ஷேர் வேன் கைகாட்டிய ஆளுக்காகத் திடீரென்று நின்றது. மாமா வலப்பக்கம் ஒடித்தார். சாலை நடுவில் புதிதாக எழுப்பியிருந்த கான்கிரீட் தடுப்பின் தலையில் வண்டி மோதியது.

ஏர்பேக் விரிவது கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான விஷயம். முன்னிருக்கையில் ஆள் இல்லையென்றாலும் இந்த வண்டியில் அந்தப் பக்கமும் விரியும். மேலே எது நின்றாலும், விரியும் பை அதை எறியும். வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் நின்றபோது திரும்பத் திரும்ப எனக்குத் தோன்றியது அதுதான். எதுவும் பழுதாகவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்ததால்தான் அந்த ஓட்டை.

மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கதை வேறு. பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சாட்சியமாகவே சொல்லிவிட்டார். வண்டிக்குள் ஒரே புகை, தன் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது, தேடி எடுத்து மாட்டிப் பார்த்தால், மாதா பின்சீட்டில் அக்காவின் பக்கத்தில் படுத்திருக்கிறாள். “முன்னாடி நின்னவ, இடிக்கப்போகுதுன்னு தெரிஞ்சதும் பின்னாடி போயி உங்கக்காவைப் புடிச்சிக்கினா மச்சான். கேக்குகூட கலையல.” கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள். பலமுறை பார்த்திருக்கிறேன்.

துண்டை மறுபடி சுற்றி ஊக்குகளைக் குத்தினேன். கணக்கெடுக்க வந்தவர் வேலையை முடித்துப் போனதும், நேரே திருமுல்லைவாயிலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மாமா ஷாப்புக்குப் போயிருந்தார். சமையலறையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டைப் பார்த்தேன் என்றேன். அவள் குழாயை மூடவில்லை.

“சுரூபம் அதுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சுடா. கால் மட்டும் வெளிய. ரெண்டு கையால இழுத்தேன். அவரு கண்ணாடியத் தேடிக்கினு இருந்தாரு. கீழ எறங்கினதும் துண்ட சுத்தி ஊக்கு குத்திட்டேன்.”

கேக் மட்டும் இல்லாதிருந்தால் என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றாள். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னாள். பிறகு ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அந்தப் பீடம் அவரு கையால கடைஞ்சது, அவரு கையால ஒட்டினது. என்னாண்ட வந்து குத்தியிருக்கும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வண்டியத் தொடுவாரா? மாதா மேல சத்தியம் பண்ணித்தான் குடிய விட்டாரு. அவளையே விட்டுட்டாருன்னா நான் யாரப் புடிச்சிக்கினு நிக்கிறது?”

அவள் ஏற்கெனவே வழி யோசித்திருந்தாள். கிரீடம் வளைந்துவிட்டது, அடிபட்ட சுரூபத்தை வண்டியில் வைக்கவேண்டாம் என்று சொல்லி வீட்டுச் செப மேடையில் வைத்துவிடுவாள். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ஒர்க்‌ஷாப்பில் சொல்லி அந்த ஹெட்ரெஸ்டை மாற்றிவிட வேண்டும், மாமாவின் கண்ணில் படக்கூடாது. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கழுவிய மீனையே அவள் மறுபடி மறுபடி கழுவுவதைப் பார்த்தபின் சரி என்றேன். மறுநாள் போன் செய்து அந்த ஹெட்ரெஸ்டைக் காப்பீட்டில் சேர்க்காமல் தனியாக மாற்றச் சொன்னேன்.

வண்டியை எடுக்க மூவரும் சேர்ந்து போனோம். மாமாவின் கட்டு பிரித்தாகிவிட்டது. வரவேற்பறையில் அவர் தன் பையைத் திறந்தபோது, உள்ளே சுரூபம் இருந்தது. கிரீடத்தை நிமிர்த்தி, பாலிஷ் போட்டு, புதிது மாதிரி ஆக்கியிருந்தார். அதன் அருகில் ஒரு சின்ன டிரில்லிங் மெஷின்.

“போன தடவ டேப்பு சரியா புடிக்கல மச்சான். அதான் பறந்துட்டா. இந்தத் தடவ ரெண்டு ஸ்குரூ போட்டுறேன், அசையவே மாட்டா” என்றார்.

வளைந்த கிரீடத்தோடு சுரூபம் வீட்டிலேயே இருக்கிறது என்று நினைத்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். ஏர்பேக் மூடியில் ஸ்குரூ. நெடுங்காலம் வண்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்றை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. “மாமா, அங்க ஓட்டை போடக்கூடாது” என்றேன். “ஏன், கேரண்டி போயிருமா?” என்று சிரித்தபடி, இடம் குறிக்கச் சுரூபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வண்டியை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். இனி சொல்லித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்பதுதான் பிடிபடவில்லை.

சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. ஒர்க்‌ஷாப் ஆள் டிக்கியைத் திறந்து, காப்பீட்டில் சேராத பழைய பாகங்களைத் திருப்பித் தருவது வழக்கம் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். அந்த வழக்கம் எனக்கு நன்றாகவே தெரியும். எத்தனையோ கட்டுரைகளில் நானே எழுதியிருக்கிறேன், பழையதைக் கேட்டு வாங்குங்கள் என்று. போன் செய்த அன்று அது நினைவுக்கு வரவில்லை. பெட்டியில் ஒரே ஒரு பொருள். துண்டு இல்லை. ஓட்டை மேலே பார்த்தபடி இருந்தது.

மாமா அதைக் கையில் எடுத்தார். முதலில் சும்மா திருப்பினார். பிறகு வெளிச்சத்தில் காட்டி ஓட்டைக்குள் பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தகட்டில் ஓட்டை அடித்த மனிதருக்கு, எந்த ஓட்டையை எது போட்டது என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. இன்னொரு கையிலிருந்த சுரூபத்தைத் தலைகீழாகப் பிடித்து, கிரீடத்தை ஓட்டைக்குள் இறக்கினார். முனைகள் ஒவ்வொன்றும் அதனதன் கிழிசலில் போய் உட்கார்ந்தன. பீடம் மட்டும் வெளியே நின்றது. கையை எடுத்தார். அது விழவில்லை.

அருகில் யாரோ ஒரு வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பீப் சத்தம் நின்றதும் மாமா தலையை நிமிர்த்தினார்.

“நீ பாத்தியா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“பாத்தேன்.”

“பின்சீட்டுலதானே மாதாவப் பாத்தேன்?”

“நான்தான் புடுங்கி வச்சேன்.”

அவர் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்தார். அப்படியே ஹெட்ரெஸ்டை மடியில் வைத்துக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. செபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கடைசியில், “அன்னிக்கு நீ முன்னாடி உக்காந்திருந்தா” என்று மட்டும் சொன்னார்.

“உக்காரல இல்ல? கேக்கு வாங்கினோம்ல” என்றாள் அக்கா. “எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

சுரூபத்தை அவள்தான் ஓட்டையிலிருந்து எடுத்தாள். ஒருமுறை பழகிய கை என்பதால் சட்டென்று வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். “வீட்ல இருக்கட்டும். அங்க நீங்களும் நானும் தினமும் பாக்கறோம்” என்றாள். டிரில்லிங் மெஷின் பையோடு வரவேற்பறையிலேயே கிடந்தது. நான்தான் திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.

அக்கா முன்கதவைத் திறந்தபோது, பின்னால் உட்காரச் சொல்லி அவர் கைகாட்டினார். அவள் கேட்கவில்லை. அதுதான் தன் இடம் என்பதுபோல முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கைப்பையைக் காலடியில் வைத்தாள். எதிரே புது டேஷ்போர்டில் அந்த ஆங்கிலச் சொல் இப்போது வெளியே தெரிந்தது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வண்டியை எடுக்குமுன் மாமா எப்போதும் இடக்கையை நீட்டி மாதாவின் பாதத்தைத் தொட்டு, விரல்களை முத்தமிடுவார். மூன்று வண்டியிலும் அப்படித்தான். இன்றும் கை தானாக நீண்டது. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே இறங்கி, அக்காவின் தோளுக்குக் குறுக்கே போன பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. விட்டது. மறுபடியும் இழுத்துப் பார்த்தது.

“போட்டிருக்கேன்” என்றாள் அக்கா. “கையை எடுத்துட்டு ரோட்டைப் பாருங்க.”