டிலானியின் இடது கைத் தழும்பு

செய்தி டிலானியின் எண்ணிலிருந்தே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஷாஃப்ஹவுசனிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். எங்கள் சுவைக்குழுவுக்கு அவர் பெயரில் ஒரு செய்தி வந்திருப்பதைப் பார்த்ததும், உடம்பு சற்றுத் தேறிவிட்டது போலும், அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துத் திறந்தேன். எழுதியவர் அவருடைய தம்பி அன்ரன். முதலில் ஜெர்மனிலும் கீழே தமிழிலும் இரண்டே வரிகள்: அக்கா இன்று விடியற்காலையில் போய்விட்டார், வலியில்லாமல் போனார். இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கினேன்.

வீட்டில் பியர் காய்ச்சி, மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் கூடி, ஒருவர் காய்ச்சியதை மற்றவர் சுவைத்துப் பார்க்கும் எட்டுப் பேர் நாங்கள். இடம் கொடுத்தவர் ஊர்ஸ். தாம் பராமரிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையையும் நிலவறையில் பாட்டில்கள் வைக்க ஒரு தடுப்பறையையும் எங்களுக்காக ஒதுக்கியிருந்தார். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்த நான். ஈழத்துப் பெற்றோருக்கு ஃப்ரிபூர்க்கில் பிறந்து வளர்ந்து, சூரிச்சில் செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் வேலை பார்த்த டிலானி. நான் பாட்டில் என்பேன், அவர் போத்தல் என்பார். நாக்கைப் பிடிக்கும் சுவையை நான் 'காரல்' என்றால் அவர் 'கசர்' என்பார். நாங்கள் பேசுவதைக் கேட்டு, நீங்கள் இருவரும் ஒரே மொழிதானா பேசுகிறீர்கள் என்று ஊர்ஸ் ஒருமுறை கேட்டார். அரை மொழி என்றார் டிலானி.

அவர் சுவைக்கும் விதம் குழுவில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு மிடறு குடிப்பார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த அரை நிமிடத்துக்குக் காய்ச்சியவர் மூச்சு விடமாட்டார். பிறகு நல்லது எதுவோ அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். குறையை, கூட்டம் முடிந்து ட்ராமுக்கு நடக்கும்போது தனியே சொல்வார். நான் முதன்முதலாகக் கொண்டுபோனது இஞ்சியும் மிளகும் போட்டது. "வாசம் நல்லாயிருக்கு" என்று அறையில் சொன்னவர், தெருவுக்கு வந்ததும், "இது நல்ல ரசம். பியரை எங்கே வைச்சனீங்கள்?" என்றார். சிரித்தேன். வீடு போய்ச் சேர்ந்ததும் குறிப்பேட்டை எடுத்து முழுச் செய்முறையையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இனி நான் எழுதப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

டிலானியின் இடது உள்ளங்கையில், பெருவிரலின் அடியில் ஒரு நீண்ட தழும்பு உண்டு. நிலவறையில் கண்ணாடிச் சாடி உடைந்து கிழித்தது என்றுதான் அவர் உங்களிடம் சொன்னார். சாடி எதுவும் உடையவில்லை. வெடித்தது என் பாட்டில்.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம். நொதித்தல் முழுவதும் அடங்கிய பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அது அடங்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு போக மனமில்லை. அடைத்தேன். நுரை நன்றாக வரட்டும் என்று சர்க்கரையையும் கூடுதலாகப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை பிற்பகல் பெட்டிகளை மேலே கொண்டுவர டிலானியும் நானும் நிலவறைக்கு இறங்கினோம். என் பெட்டியை அவர் தூக்கினார். ஒரு பாட்டில் வெடித்தது.

அவர் கத்தவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். கையிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட, மூலையில் கிடந்த தடித்த போர்வையை மற்றப் பாட்டில்கள்மேல் போடச் சொன்னார். போட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அதற்குப் பிறகுதான் என் கழுத்துத்துணியை வாங்கிக் கையைச் சுற்றிக்கொண்டார். மேலே போனதும் அந்தச் சாடிக் கதையை அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் காத்திருந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "அடங்கிட்டுதெண்டு பார்த்து அடைச்சனீங்களோ, சனிக்கிழமை வருகுதெண்டு அடைச்சனீங்களோ?"

"சனிக்கிழமை வருதுன்னுதான்" என்றேன்.

"ஊர்ஸுக்குத் தெரிஞ்சா அந்தத் தடுப்பைப் பூட்டிப்போடுவார். அதாலதான் பொய் சொன்னனான். உங்களுக்காக இல்லை. எப்பவோ ஒருநாள் நீங்கள் அவையளுக்குச் சொல்லோணும். நான் சொல்ல மாட்டன்."

மறுநாள் தோல் கையுறை போட்டுக்கொண்டு மீதிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காற்று இறக்கிச் சாக்கடையில் ஊற்றினேன். புளித்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். டிலானிக்கு நரம்பு அறுந்திருந்தது. மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், பல்லுக்கு மெழுகு செதுக்கும் சிறு கத்தியைப் பிடிக்க, குழந்தை பென்சில் பிடிக்கப் பழகுவதுபோல மறுபடி பழகினார். அந்தப் பெருவிரல் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கட்டுப்போட்ட கையோடு வந்து, எல்லோருடையதையும் சுவைத்தார். என் கோப்பையைச் சுவைத்துவிட்டு, நல்லதைச் சொன்னார்.

நான் சொல்லவில்லை. முதல் வருடம் வெட்கத்தால். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று. பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

போன ஆண்டு நோய் வந்த பிறகு அவரால் குடிக்க முடியவில்லை. கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்த்துவார். கடைசியாக அவருடைய வீட்டில் பார்த்தபோது, சாய்நாற்காலியில் போர்வை சுற்றி இருந்தார். என்ன காய்ச்சுகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு, "டிலானி, அந்தக் கை விஷயம்..." என்று தொடங்கினேன்.

"அதை எனக்குச் சொல்லாதேங்கோ" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

அதற்கு ஒன்பதாவது நாள் அன்ரனின் செய்தி வந்தது.

அடக்கம் முடிந்து, தேவாலய மண்டபத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்ரனைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம், தெரியும்" என்றார். "அக்கா அண்டைக்கே சொன்னவ. உங்களிட்டக் கேக்கக் கூடாதெண்டும் சொன்னவ. அவர் சொல்லுவார், பொறு எண்டவ. உண்மையாச் சொல்லுறன், எனக்கு உங்களில சரியான கோவம். வருசம் வருசமா இருந்தது."

"இப்போ?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றார். பிறகு என் கோப்பையை வாங்கிக்கொண்டுபோய், இன்னொரு தேநீர் ஊற்றி வந்து கொடுத்தார்.

இந்த அஞ்சலியை ஜெர்மனிலும் எழுதி ஊர்ஸுக்கும் குழுவில் உங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். தடுப்பைப் பூட்டுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நினைவுக்கென்று டிலானியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. நான் சொல்வேன் என்று பதினோரு வருடம் ஒருவர் நம்பியிருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோதே அதற்குத் தகுதியாகியிருக்கலாம்.