'எனக்கே இருக்கு' என்ற நீலவ்வா

மிளகாய்க் கொட்டகையில் முப்பது நாற்பது பெண்கள் சாக்கை விரித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்க, நடுவில் போய் உட்கார்ந்து கர்ப்பப்பையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். நீலவ்வாவுக்கு அது இருந்தது. ரோஸ் நிறச் சேலையும் தோளில் பையுமாக அவள் உள்ளே நுழைந்தால், தும்மலுக்கு நடுவே, "வந்துட்டாடி நம்ம ஆஷா, இன்னைக்கு யாரைப் பிடிச்சிட்டுப் போக வந்தாளோ" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடவைப்பது, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடச் சொல்வது என்று கர்நாடகத்தில் ஹாவேரிப் பக்கத்து அந்த ஊருக்கு எட்டு வருஷமாக ஆஷா, அதாவது அரசாங்கத்தின் கிராமச் சுகாதாரப் பணியாளர், அவள்தான்.

பையிலிருந்து ஒரு காப்பர்-டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் சுற்றிய செம்புக் கம்பி, கீழே இரண்டு நூல்.

"இது வயித்துலேர்ந்து ஏறி நெஞ்சுக்குப் போயிடுமாமே?" என்று கல்லவ்வா கேட்பாள். மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்பாள்.

"உன் நெஞ்சுல இடம் ஏது? அங்கதான் மருமக மேல உள்ள வஞ்சம் ரொம்பிக் கிடக்கே."

கொட்டகையே சிரிக்கும். மருமகள்தான் பாவம், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

"ஆம்பளைக்குக் குத்தும்னு சொல்றாங்க, அக்கா" என்பாள் இன்னொருத்தி.

"குத்தட்டும். குடிச்சிட்டு வர்றவனுக்கு அதாச்சும் உறைக்கட்டும்."

இப்படிச் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு சொல் சொல்வாள். "எதுக்குடி பயம்? எனக்கே இருக்கு." அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்? தின்று பார்த்தவள் சொன்னால் சாப்பாட்டை மோந்து பார்ப்பார்களா?

அவளுக்கு இல்லை. அதுதான் விஷயம்.

முன்பு இருந்தது. இரண்டாவது மகள் பிறந்தபின் போட்டுக்கொண்டு ஒன்றரை வருஷம் வைத்திருந்தாள். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் அடங்குகிற உதிரப்போக்கு அவளுக்கு அடங்கவில்லை. ஒருமுறை தாலுக்கா கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல், எல்லோரும் டீ குடிக்கப் போனபின் ரிஜிஸ்டரால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து போனாள். மறுவாரம் புருஷன் ஃபக்கீரப்பாவைக் கூட்டிக்கொண்டு, யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று சாதாரணச் சேலை கட்டிக்கொண்டு, ஹாவேரியில் ஒரு தனியார் டாக்டரிடம் போய் எடுத்துவிட்டாள். ஐந்து நிமிஷ வேலை. அன்றிலிருந்து கருத்தடை மாத்திரைதான். ஊராருக்குக் கொடுக்க வைத்திருந்த அதே மாத்திரை.

இதில் ஒரு தப்பும் இல்லை. ஒருத்திக்குச் சேர்வது இன்னொருத்திக்குச் சேராது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆஷாவே எடுத்துவிட்டாள் என்று தெரிந்தால் ஊரில் எவள் போட்டுக்கொள்வாள்? கூட்டத்தில் என்ன கேட்பார்கள்? முதல் மாதம் சொல்லாமல் விட்டாள். இரண்டாம் மாதம், முதல் மாதம் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து வெட்கம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நீலவ்வா நாலு வருஷமாக ஒரே பொய்யைத்தான் சொன்னாள். போட்டுக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் நன்றாகவும் இருந்தார்கள். அதனால் பொய் உறுத்தவே இல்லை, சுவர்ணா வருகிற வரைக்கும்.

சுவர்ணாவுக்கு இருபத்துநாலு வயது. கொட்டகையில் அவள் அளவுக்கு வேகமாகக் காம்பு கிள்ள ஆள் கிடையாது. சிரிப்பும் அப்படித்தான், படபடவென்று. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். "மூணு வருஷமாச்சும் மூச்சு விட்டுக்கிறேன், அக்கா" என்று தானாகவே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து நூலைத் தொட்டுப் பார்த்தாள், கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"அக்கா, எனக்கு வயசுக்கு வந்ததிலேர்ந்தே மாசாமாசம் ரொம்பப் போகும். ஏழு நாள், எட்டு நாள் ஆயிடும். இதைப் போட்டா இன்னும் ஜாஸ்தி ஆகாதா?"

நல்ல கேள்வி. அதைவிட நல்ல கேள்வியை எட்டு வருஷத்தில் ஒருத்தியும் கேட்டதில்லை. 'இரு, டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லு, அவங்க முடிவு பண்ணட்டும்' என்பதுதான் பதில். நீலவ்வாவுக்கு அது மனப்பாடம். ஆனால் மாதக் கடைசி, மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த மாதம் ஒருத்தியைக்கூட அவள் கூட்டிப்போகவில்லை. இவளோ வாசலில் தானாக வந்து நிற்கிறாள். வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

"எனக்கும் உன்னை மாதிரிதான்டி இருந்துச்சு. மூணு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். அப்புறம் இருக்கிறதே தெரியல."

ஆஸ்பத்திரியில் அதைவிடப் பெரிய தப்பு நடந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் கால் கட்டைவிரலைத்தான் பார்ப்பார்கள். கேள்வி நோயாளிக்கு, பதில் சொல்வது கூட வந்த ஆஷா என்று அப்படியே பழகிவிட்டது. சிஸ்டர் கார்டை வைத்துக்கொண்டு, "மாசாமாசம் அதிகமாப் போகுமாம்மா?" என்று கேட்டாள். சுவர்ணா நிமிர்ந்து நீலவ்வாவைப் பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர். எல்லாம் நார்மல்" என்றாள் நீலவ்வா.

சிஸ்டர் எழுதிக்கொண்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சுவர்ணாவும் வாயை மூடிக்கொண்டாள்.

முதல் மாதம் பத்து நாள். இரண்டாம் மாதம் பதினாலு நாள். ஒருநாள் நீலவ்வா கொட்டகைக்குப் போனபோது எல்லோரும் வெளியே மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் தின்றுகொண்டிருக்க, சுவர்ணா மட்டும் உள்ளே சாக்கின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னடி, சாப்பிட வரல?"

"நீங்க போங்க அக்கா. எல்லாரும் போனப்புறம் எந்திரிக்கிறேன்." சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "நல்லவேளை, இங்க எல்லாமே செவப்பு. யாருக்கும் தெரியல."

நீலவ்வாவுக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் திறந்தாள்.

"டாக்டர்கிட்ட போலாமாடி?"

"எதுக்கு? ரெண்டு மாசம்தானே ஆச்சு. இன்னும் ஒரு மாசம் தாங்கிக்கிறேன். நீங்க தாங்கினீங்கல்ல?"

நீலவ்வா பையைத் துழாவி இரும்புச் சத்து மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, இன்னும் நாலு வீடு போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள். ஓடி வந்தாள் என்றே சொல்ல வேண்டும், நடந்து வரவில்லை. அன்று சோள ரொட்டி தட்டும்போது மாவு கையிலேயே நின்றது. "என்னாச்சு?" என்று ஃபக்கீரப்பா கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்; அவளுடையது அன்றைக்குக் குறுகுறுக்கவில்லை, பிறாண்டியது.

அதற்கு ஒன்பதாம் நாள் சுவர்ணா மிளகாய்க் குவியலின்மேல் மயங்கி விழுந்தாள். மூக்கிலும் கண்ணிலும் மிளகாய்த் தூள். பெண்கள் தண்ணீர் அடித்து எழுப்பி, "உன்னாலதான் ஆச்சு, நீயே கூட்டிட்டுப் போ" என்று நீலவ்வாவுக்கு ஆள் விட்டார்கள். ஆட்டோவில் போகும்போது சுவர்ணா அவள் தோளில்தான் சாய்ந்து வந்தாள். அந்த எடை நீலவ்வாவுக்குத் தாங்கவில்லை.

டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தாள். விரலில் குத்திப் பார்த்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஏழுதான் இருந்தது. கார்டைப் புரட்டினாள்.

"இங்க நார்மல்னு எழுதியிருக்கே? போடறதுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்துச்சு? அதிகமாப் போகுமா? உண்மையைச் சொல்லு. அதிகம்னு தெரிஞ்சிருந்தா இதை நான் போட்டிருக்கவே மாட்டேன்."

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். சுவர்ணா கட்டிலில் படுத்தபடியே நீலவ்வாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வெள்ளைக் கோட்டின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"நார்மலாத்தான் இருந்துச்சு டாக்டர்."

அக்காவுக்கு வேலை போய்விடக்கூடாது என்று சொன்ன பொய் அது. ஏழு ரத்தத்தை வைத்துக்கொண்டு, எழுந்து உட்காரத் தெம்பில்லாதவள், இவளைக் காப்பாற்றப் பார்க்கிறாள்! நீலவ்வாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. செருப்பால் அடித்திருந்தாலும் நின்றிருப்பாள். இதற்கு நிற்க முடியவில்லை.

"அவ பொய் சொல்றா, டாக்டரம்மா" என்றாள். "அதிகமாப் போகும்னு என்கிட்ட சொன்னா. சிஸ்டர் கேட்டப்ப நான்தான் நார்மல்னு சொன்னேன். அவளை வாயே திறக்க விடல."

டாக்டரம்மா கார்டில் 'நார்மல்' என்று இருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதினாள். திட்டியிருந்தால் தேவலாம்.

"உன்கிட்ட அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு சுவர்ணா பக்கம் திரும்பினாள். "இதை இப்பவே எடுத்துடறேன். இது கெட்டதில்லம்மா, நிறைய பேருக்கு நல்லா ஒத்துப்போகும். உனக்குத் தோதுப்படாது, அவ்வளவுதான். ரத்தம் ஏறினப்புறம் வேற வழி பாக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு, தினமும் போடற மாத்திரை இருக்கு. போக்கும் குறையும். எதுன்னு நீதான் சொல்லணும், உங்க அக்கா இல்ல."

எடுத்து முடிந்தது. பிளாஸ்டிக் தட்டில் அது கிடந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டிக் காட்டிப் பழகிய நீலவ்வா அதன் பக்கமே திரும்பவில்லை.

சுவர்ணா பழக்க தோஷத்தில் அவளைத்தான் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் புரியல அக்கா. பேசாம கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் இதையே போட்டுப் பாக்கட்டுமா? உங்களுக்கு இது சரியாப் போச்சே."

திரைக்கு வெளியே பேச்சு நின்றிருந்தது. எல்லோருக்கும் காது உண்டு. நீலவ்வா பையைத் திறந்தாள். கொத்தமல்லித் தழைக்கும் ரிஜிஸ்டருக்கும் அடியிலிருந்து பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"எனக்கு அது இல்லடி. நாலு வருஷம் ஆச்சு எடுத்து. உன்னை மாதிரியே போச்சு, தாங்க முடியல. இதைத்தான் தின்னுட்டு இருக்கேன்."

"யவ்வா!" என்றது திரைக்கு வெளியே ஒரு குரல். "ஊருக்குத்தான்டி உபதேசம்!" என்றது இன்னொன்று. யாரோ சிரித்தார்கள். கல்லவ்வாவாகத்தான் இருக்கும், முழங்கால் வலிக்கு வந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் இது கொட்டகை வரைக்கும் போய்விடும் என்று நீலவ்வாவுக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் இருந்தது. சுவர்ணா மட்டும் அட்டையை எடுத்து, தீர்ந்துபோன குழிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

குளுக்கோஸ் ஏறி, ஊசியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று சுவர்ணாவே டாக்டரம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டு, இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. நீலவ்வா குடையைப் பிடிக்கப் போனாள். சுவர்ணா ஒரு எட்டு தள்ளி நடந்தாள்.

"என்னைத் திட்டுடி. நாலு வார்த்தை திட்டிடு" என்றாள் நீலவ்வா.

"எதுக்குத் திட்டணும்? பொய் சொன்னீங்க. வேலை, டார்கெட்டு, ஆயிரம் இருக்கும். அது எனக்குப் புரியும் அக்கா." சுவர்ணா சாலையைப் பார்த்தபடியே பேசினாள். "உங்களுக்குத் தாங்கல, எடுத்துட்டீங்க. அன்னைக்கு நான் சாக்கு மேல எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தேனே. அது எப்படி இருக்கும்னு அந்தக் கொட்டகையிலேயே உங்க ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் மாத்திரையைக் குடுத்துட்டுப் போனீங்களே."

எட்டு வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் நீலவ்வாவிடம் ஒரு பதில் இருந்தது. மாமியார்களுக்கு, குடிகாரப் புருஷன்களுக்கு, தாலுக்கா ஆபீசருக்கு, எல்லோருக்கும் ஒன்று வைத்திருந்தாள். இப்போது குடையை மடக்கிப் பையில் வைத்தாள்.

பஸ் வந்தது. பெண்கள் பக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. சுவர்ணா அதைத் தாண்டிப் போய், கூடையோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தாள். நீலவ்வா அந்தக் காலி இருக்கையில், பக்கத்தில் பையை வைக்காமல், ஊர் வரைக்கும் தனியாக வந்தாள்.