பாதியில் நிறுத்தச் சொன்னவர்

செம்பூர் ஆஸ்பத்திரியில் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தபோது, குரல் நரம்பை ஒரு மெஷின் வைத்துக் கண்காணிக்க ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். முந்தின நாள் என்னைப் பேசச் சொல்லி, கண்களை மூடிக்கொண்டு கேட்டார். எல்லா நோயாளிகளிடமும் அப்படித்தானாம். மாட்டுங்கா பள்ளி ஆசிரியையான நான் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை அவருக்கு நடத்தினேன்.

கண்விழித்தபோது கழுத்தின் ஒரு பக்கம் மட்டுமே முடிந்திருந்தது. அந்தப் பக்கத்து நரம்பிலிருந்து சிக்னல் நின்றதும், மறுபக்கத்தைத் தொட வேண்டாம் என்று சர்ஜனிடம் இவர்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் பொங்கியது.

"இன்னொரு ஆபரேஷனா? ஏன் சார் பாதியில நிறுத்தச் சொன்னீங்க?" என்றேன். குரல் பாதி, காற்று பாதியாக வந்தது.

"மத்தப் பக்க நரம்பும் போயிருந்தா இதைக் கேக்கவே முடியாதுல்லா டீச்சர். மூச்சுக்கே கஷ்டமாயிருக்கும். இந்த நரம்பு அறுபடல, மயங்கிக் கெடக்கு. அனேகமா முழிச்சுக்கிடும்."

"முழிக்கலைன்னா?"

"அதை என் மெஷின் சொல்லாது. எனக்கும் தெரியாது."

குரல் திரும்பச் சில மாதங்கள் ஆயின. ஆறுதலுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத அந்த மனிதர் உடனிருப்பார் என்றுதான் இரண்டாவது ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.