அவனைச் சேர்த்துக்கொண்ட வருஷம்

சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையின் மாடியில்தான் எங்கள் கால்பந்து சங்கத்தின் கமிட்டி கூடும். கடை முதலாளிதான் தலைவர். ஆணி மூட்டைகளுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவே ஒரு பெஞ்சும் இரண்டு ஸ்டூலும் கிடக்கும். ஐந்து பேர் உட்கார்ந்தால் மாடி நிறைந்துவிடும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவனை டீமில் சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கே இரண்டு மணி நேரம் பேசினோம். நான் செக்ரட்டரி, சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவன் நாகர்கோவில் பக்கத்துக்காரன். ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். ஊரில் பந்து பார்க்கிற எல்லோருக்கும் அவனைத் தெரியும். இரண்டு வருஷத்தில் இரண்டு சங்கங்கள் அவனை வெளியே அனுப்பியிருந்தன. முதல் இடத்தில் பயிற்சியின்போது கேப்டன் முகத்தில் பந்தை எறிந்துவிட்டுப் போனான். இரண்டாவது இடத்தில், ஒருவரும் தனக்குப் பந்து தரவில்லை என்று, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். எதிர் டீம்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அவன் ஆடி நான் பார்த்திருந்தேன். மழையில் ஊறிக் கல்லாய்க் கனத்த பந்தை வெறுங்காலால் வாங்கி, மூன்று பேரைத் தாண்டிப்போய், கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று நின்று பார்த்துவிட்டு மறுபக்கம் தட்டிவிட்டான். அந்த நிற்றல்தான் எனக்கு மறக்கவில்லை. அத்தனை பேர் துரத்தி வரும்போது எப்படி ஒருவனால் நிற்க முடிந்தது?

எங்கள் கேப்டனுக்கு அவன் வேண்டாம். கேப்டன் என்றால் என் சிநேகிதன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. முதல் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்தவர்கள் நாங்கள். அவன்தான் கோல்கீப்பர். மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆட்களைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறவனும் அவன்தான். அன்று கமிட்டிக்குச் சேர்ந்து நடந்து வரும்போது, பழவங்காடியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி, "அவன் வேண்டாம்டா. இருக்கிறவாளும் போயிடுவா. நீ என் பக்கம்தானே?" என்றான்.

"உன் பக்கம்தான்" என்றேன்.

மாடியில் தலைவர் பேச்சைச் சுருக்கமாக முடித்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்டவர். "எத்தனை வருசத்துக்குவே செமிஃபைனலோட வீட்டுக்குப் போறது? அந்தப் பயல எடுத்துப் போடும். முரடுன்னா நம்ம பாத்துக்கிடலாம்." அவர் ஒரு கை. எங்கள் லெஃப்ட் அவுட் ஒரு கை. வேண்டாம் என்று கேப்டனும் சங்கத்துப் பணம் பார்க்கிற வாத்தியாரும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சேர்க்கலாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கோப்பை ஆசை இருந்தது. அந்த ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து தினமும் பார்க்கலாம் என்ற ஆசை அதைவிட அதிகமாக இருந்தது.  திரும்பி வரும்போது கேப்டன் கடைத்தெருவில் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தான்.

வந்தவன் முதல் மாதம் அடக்கமாக இருந்தான். என்னைச் 'சாரே' என்பான். ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "சாரே, நீங்க இல்லேன்னா என்னை ஒருத்தன் சேத்துக்கிட மாட்டான். இது நான் மறக்க மாட்டேன்" என்றான். நான் அதை நம்பினேன். அவனும் சொல்லும்போது நம்பித்தான் சொல்லியிருப்பான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஜெயிக்க ஆரம்பித்தோம். கூடவே மற்றதும் ஆரம்பித்தது. பயிற்சிக்கு வர மாட்டான். வந்தால் பந்தைத் தவறவிட்டவனை அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவான். எங்கள் ரைட் பேக், இருபது வயசுப் பையன், ஒரு நாள் அழுதுகொண்டே போனவன் திரும்ப வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் சமாதானத்துக்குப் போனேன். பஸ் ஷெட்டில் ராத்திரி வேலை, தூக்கமில்லை என்று அவனுக்காகக் காரணம் சொன்னேன். கேப்டன் கேட்டுக்கொண்டிருப்பான். ரைட் பேக் வீட்டுக்கு மூன்று தடவை போய்வந்தவன் கேப்டன். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அந்த வருஷத்து டூர்னமெண்டில் செமிஃபைனல். எதிரே ஊரிலேயே பெரிய சங்கம். அவர்களுடைய ஹாஃப் பேக் ஒருவன் முதல் பாதி முழுக்க மெக்கானிக்கின் காலிலேயே உதைத்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இவன் கொதித்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து, "அவன் கிட்ட வம்புக்குப் போகாதே. நீ கோல் போடு, அதுதான் பதில்" என்று சொன்னேன். பக்கத்தில், என் தோள் இடிக்கிற தூரத்தில், கேப்டன் உட்கார்ந்து கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியில் பந்து வேறு மூலையில் இருக்கும்போது இவன் அந்த ஹாஃப் பேக்கின் முகத்தில் முழங்கையால் அடித்தான். ரெஃபரி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த ஆளுக்கு இரண்டு பல் போயிற்று. நாங்கள் ஒரு கோலில் ஜெயித்தோம். அந்தக் கோலும் இவன் போட்டதுதான்.

மறுநாளே புகார் வந்தது. ஃபைனலுக்கு முன் விசாரணை என்று டூர்னமெண்ட் நடத்துகிறவர்கள் சொன்னார்கள். நான் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் எழுதினேன்: இருவரும் ஓடிவந்து மோதிக்கொண்டார்கள், வேண்டுமென்று செய்ததல்ல. மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கேப்டன் காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் பார்த்தேண்டா. இதில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட வேண்டாம். ஒண்ணும் பேசாம இரு. அது போதும்."

"பொய் எழுதியிருக்கே."

"தெரியும்" என்றேன்.

விசாரணை மலையாளத்தில் நடந்தது. நீளமான மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, நடுவில் இருந்தவர் மெக்கானிக்கிடம் கேட்டார்: நீ அடித்தாயா?

"அடிச்சேன்" என்றான். "செக்ரட்டரி சார்தான் இடைவேளையில அந்தாளை ஒரு கை பாத்துக்கோன்னு சொன்னாரு. அப்புறம் இந்தக் கடுதாசியும் அவரே எழுதினாரு."

என்னைப் பார்க்காமலே சொன்னான். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது மாதிரி.  நான் எழுந்து, அப்படிச் சொல்லவில்லை, அதற்கு நேர்மாறாகத்தான் சொன்னேன் என்றேன். மோதல் என்று எழுதியவர் நீங்கள்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குமேல் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? பிறகு அவர் கேப்டனிடம் திரும்பினார்.

"இடைவேளையில் செக்ரட்டரி என்ன சொன்னார்? நீர் கேட்டீரா?"

எனக்கு நிம்மதி வந்தது. அதை இன்றுவரை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன், அந்த ஒரு நிமிஷ நிம்மதியை. பொய் சொல்லாதவன் என்று ஊருக்கே தெரிந்தவன் எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன்.

"நான் கவனிக்கலை" என்றான் கேப்டன்.

ஃபைனலிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் எந்தச் சங்கத்திலும் பொறுப்பு வகிக்கக் கூடாது என்று எனக்குத் தடை. அடித்தவனுக்கு ஒரு மாதம். அந்த ஒரு மாதம் கழிந்ததும் அவன் அதே பெரிய சங்கத்தில், பல் போனவனுக்குப் பக்கத்திலேயே நின்று ஆடினான். விசாரணைக்கு முந்தியே பேசி முடித்திருந்தார்கள் என்று தலைவர்தான் விசாரித்து வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு, ஆணிப் பெட்டியை இழுத்துக் கைபோட்டு அளைந்துகொண்டிருந்தார்.

அவன் செய்தது எனக்கு ஆறிப்போயிற்று. அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். மற்றது ஆறவில்லை. ஒரு வாரம் பொறுத்து, கோயில் குளக்கரையில் கேப்டனை நிறுத்தினேன்.

"நீ கேட்டே. என் பக்கத்தில உட்கார்ந்திருந்தே."

அவன் வேஷ்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். "பேசாம இருன்னு நீதானே சொன்னே?"

"அது வேற விஷயம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். வேஷ்டியை இன்னொரு முறுக்கு முறுக்கி, "அன்னிக்கு மாடிக்கு, என் பக்கம்னு சொல்லிட்டுத்தானே வந்தே" என்றான். வேஷ்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போனான்.

அடுத்த மாதம் கமிட்டி கூடி அவனைச் செக்ரட்டரி ஆக்கியது. அந்த இடம் அவனுக்கு வேண்டியிருந்ததா, வேறு ஆள் இல்லாமல் தலையில் கட்டினார்களா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ரைட் பேக் பையன் திரும்பி வந்தான். டீம் மறுபடியும் செமிஃபைனலில் தோற்றுக்கொண்டிருந்தது என்று கேள்விப்பட்டேன். என் தடை முடிந்த வருஷம் ஒருவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

கேப்டனும் நானும் ஒரே தெருவில்தான் இருந்தோம். விசேஷத்துக்கு அழைப்பார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். எதிரே வந்தால் "சௌக்கியமா?" என்பான். "சௌக்கியம்" என்பேன். அவன் அப்பா போனபோது பத்து நாளும் போய் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நாங்கள் பந்தைப் பற்றிப் பேசவில்லை.