ஒடுக்கு விழுந்த பால்குடச் செம்பு

இன்று காலை சாமி மேடையிலிருந்து பால்குடச் செம்பை எடுத்துத் துலக்கிக்கொண்டிருந்த என் மகள், "ம்மா, இது எப்படி ஒடுக்கு விழுந்துச்சு?" என்று கேட்டாள். தைப்பூசம் முடிந்து வாரங்களாகிவிட்டன. எங்கள் ஜொகூர் பாரு வீட்டில் எல்லாரும் கோழிக்கறிக்குத் திரும்பியாயிற்று. அவள் மட்டும் விரதத்தை விடவில்லை. பங்குனி உத்திரத்துக்கும் பால்குடம் எடுக்கப் போகிறாளாம். செம்பைப் பிடித்திருந்த மணிக்கட்டோ குச்சியாக இளைத்திருந்தது.

அந்தச் செம்பு என் சித்தியுடையது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லாயாங் லாயாங் ஊரில் எங்களோடுதான் இருந்தார். பக்கத்து ஊரான குளுவாங்கில் தொழிற்சாலை வேலை. நம் சனத்துக்கு ஒரு கெட்ட பழக்கம், ஆளைக் கண்டதும் உடம்பைத்தான் விசாரிப்பார்கள். "என்னா லா, இன்னும் குண்டாயிட்டே?" பெண் பார்க்க வந்தவர்கள் வடையை ஒரு கை பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு ஒடம்பு கொஞ்சம் அதிகம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பாவிகள்! அந்த வருடம்தான் சித்தி முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். ஒரு வேளைச் சோறு என்று தொடங்கியது, பிறகு வெறும் பாலாயிற்று. விரதக்காரியைச் சாப்பிடச் சொல்வது பாவம் என்று எங்களுக்கு நினைப்பு. கோயிலில் பார்த்தவர்களோ, "முகத்துல முருகன் களை வந்திருச்சு" என்று புகழ்ந்தார்கள். பூசம் முடிந்த பிறகும் சித்தி சோற்றைத் தொடவில்லை. அம்மா கேட்டால், "இன்னும் வேண்டுதல் இருக்குக்கா" என்பார்.

பங்குனி உத்திரத்தன்று சித்தி பால்குடத்தோடு கோயில் வாசலில் சரிந்து விழுந்தார். செம்பு படியில் மோதி உருண்டது. பால் கொட்டியது அபசகுனம் என்று சுற்றி நின்றவர்கள் பதற, அம்மா அலறினார்: "பால் போனா போவுது, என் தங்கச்சியத் தூக்குங்கடா!"

இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மீண்டு வர வருடக்கணக்கில் ஆயிற்று. கஞ்சியில் தொடங்கி, நேரத்துக்குத் தூங்கி, சாயங்காலம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையம்வரை நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினார். எடை பார்க்கும் மெஷினை அவரே தூக்கிக் குப்பையில் போட்டார். "இந்தக் காலுதான் என்னைச் சுமந்துகிட்டு நடக்குது, இதைப் போயி திட்டிக்கிட்டு இருந்தேனே" என்று ஒருநாள் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

இப்போது என் வீட்டில் மறுபடியும் அதே கூத்து. "இப்பத்தான் உன் மக அழகா இருக்கா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கெஞ்சினேன், திட்டினேன், தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். கிளினிக்குக்குக் கூப்பிட்டால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். "வேண்டுதல்மா" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுகிறாள். முருகா, உன் பெயரைச் சொல்லிப் பட்டினி கிடக்கும் பிள்ளையிடம் நான் என்னவென்று வாதாடுவேன்?

வேறு வழி தெரியாமல் இன்று சித்தியின் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். தேறிய பிறகு சித்தி அம்மாவிடம் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்: "விரதம்னு சொன்னா யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்க்கா. அதுக்குத்தான் சாமி பேர இழுத்தேன்."

மகள் நிமிரவில்லை. அவள் கட்டைவிரல் செம்பின் ஒடுக்கைத் தடவிக்கொண்டே இருந்தது. "நானும் அதுக்குத்தாம்மா வேண்டுதல்னு சொல்றேன்" என்றாள். நான் மேசையில் போட்டு வைத்த சோற்றை மட்டும் இன்னும் தொடவில்லை.